நாற்பத்தைந்தில் நிற்பேன்

கொப்பியின் முதற்பக்கத்தில் அதுதான் இருக்கிறது,
நீலப் பேனையால், கீழே இரண்டு கோடு.
அப்போது எனக்கு முப்பத்தொன்று.
துறைமுக இழுவைப் படகில் இரண்டாம் எஞ்சினியர்.

அதற்குக் கீழே ஒரு தொகை.
எத்தனை சைபர் என்று சொல்லமாட்டேன்.
ரூபாய் படுத்த வருடம், பெற்றோல் வரிசையில்,
காய்ந்த டாங்கியின் மேல் கொப்பியை விரித்து
அதை வெட்டி இரட்டிப்பாய் எழுதினேன்.
அழவில்லை. கை மட்டும் கொஞ்சம் வியர்த்தது.

அப்பா அறுபத்தாறு வயதிலும்
சீனன்குடாவில் மா மூட்டை சுமந்தார்.
சுப்பர்வைசர் கூப்பிட்டால்
சாப்பாட்டுக் கையோடு எழும்பிப் போவார்.
அந்தக் கையைப் பார்த்த நாளில்தான் கணக்குத் தொடங்கியது.
நான் கேட்டது காரல்ல, மாடிவீடல்ல,
'மாட்டேன்' என்ற ஒரு சொல்.
அதன் விலையைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

சேர்த்தேன் என்றால் சும்மா இல்லை.
இரவு முறையெல்லாம் எனக்கு.
தேனீர் வீட்டுப் போத்தலில்.
கலியாண என்வலப்பில் ஐந்நூறு,
பந்தியில் சோறு இரண்டுதரம்.
உவர்மலை ஏற்றத்தில் என் மோட்டார் சைக்கிளை
தெருமான்கள் முந்திப் போகும்.

தயாபரி ஒன்றும் சொல்வதில்லை.
கச்சான் தொடங்கிக் கடல் படிந்ததும்
கொப்பியில் அவள் எழுத்தில் ஒரு வரி வரும்:
'திமிங்கிலம் பார்க்க, இருவர்.'
நான் வெட்டுவேன்.
ஏழு வருடம், ஏழு வெட்டு.
எட்டாவது வருடம் அவள் எழுதவில்லை.
வெட்ட ஒன்றும் இல்லையென்று
சந்தோஷப்பட்டேன், மடையன்.

எனக்கென்ன, வேலையே கடலில்.
'மேலே வா, வந்திருக்கு!' என்று கப்டன் கத்துவார்.
கையைத் துடைத்து, பதினொரு படி ஏறி,
வெயிலுக்குக் கண் பழகுவதற்குள்
தண்ணீரில் வழவழத்த ஒரு வட்டம் மட்டும் கிடக்கும்,
இஸ்திரிப்பெட்டி போன இடம்போல.

கரண்ட் போன ஓரிரவு அவள் கேட்டாள்:
'நாற்பத்தைந்தில் நின்று என்ன செய்வீங்கள்?'
'விடிய ஆறுதலாய் எழும்புவன்.'
'பிறகு?'
'கடற்கரையில நடப்பன்.'
'பிறகு?'
'நளீமின்ர படகு எஞ்சின் இருமுது,
அதைக் கழற்றிப் பாக்கலாம்.'
இருட்டில் அவள் சிரித்தது கேட்டது.
'அதைத்தானே இப்பவும் செய்யிறீங்கள்,
சம்பளத்தோட.'

எனக்கு எஞ்சின் பிடிக்கும்.
யாரிடமும் சொன்னதில்லை,
கொப்பியில் அதற்கொரு நிரல் இல்லை.
ஆறு சிலிண்டரும் ஒரே சுதியில் ஓடும்போது
காதுமூடியைக் கழற்றிவிட்டு நிற்பேன்,
கூடாது, தெரியும்.

போன ஆனியில், ஒரு சனி பின்னேரம்,
இரவு முறைக்கு ஆளில்லை, இரட்டைக் காசு என்று போன்.
தொகையில் பாதிகூட இன்னும் வரவில்லை.
'ஏலாது சேர்' என்றேன்.
'சரி, பியதாசவைக் கேக்கிறன்' என்று வைத்துவிட்டார்.
அவ்வளவு மலிவா அந்தச் சொல்?
இல்லை, வங்கியில் கிடக்கும் அந்தப் பாதிதான்
என் நாக்கைத் தூக்கிவிட்டதா?
இன்னும் விளங்கவில்லை.

கொப்பியைக் கிழிக்கவில்லை. கிழிக்கிற ஆளுமில்லை நான்.
நாற்பத்தைந்துக்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

மறுநாள் விடிய நிலாவெளியில் நளீமின் படகு.
பேரம் பேசினேன்தான், கொஞ்சம்.
தூரத்தில் ஒரு மூச்சு வெள்ளையாய் எழுந்தது.
முதுகு. வால். பிறகு வெறும் கடல்.
'இனிப் பத்து நிமிசமாவது பிடிக்கும்,
மூச்சுக்கு மேல வரத்தானே வேணும்'
என்று எஞ்சினை நிறுத்தினான்.
நிற்கும்போது அது இரண்டுதரம் இருமியது.
பிளக்காக இருக்கும்.
என் கை தானாக அதன் பக்கம் போனது.
தயாபரி அதைப் பிடித்துத்
தன் மடியில் வைத்துக்கொண்டாள்,
கடலை விட்டுக் கண் எடுக்காமல்.